இருளில் தொடங்கும் பார்வையிழப்பு: ‘ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா’ நோயை அறிதலும் அதற்கான சிகிச்சையும்

மாலை மங்கியதும் கண் தெரியவில்லை என்று பிள்ளையொன்று கூறினால், நமது வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவன பொன்னாங்காணியும் முருங்கையிலையும் கரட்டும் மீனெண்ணெயுமே. விற்றமின் ஏ குறைபாட்டினால் ஏற்படும் மாலைக்கண்ணுக்கு இவை பொருத்தமான உணவுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாலைக்கண் என்பது ஒரு நோயின் பெயரன்று. அது ஓர் அறிகுறி. அதே அறிகுறியுடன் தொடங்கி, கீரையாலும் மாத்திரையாலும் தடுக்கப்பட முடியாமல் பல ஆண்டுகளாக மெதுவாக முன்னேறி, நடுவயதில் ஒருவரைப் பார்வையற்றவராக்கிவிடக்கூடிய பரம்பரை விழித்திரை நோயொன்று உண்டு. அதுவே ‘ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா’ எனப்படும் விழித்திரை நிறமி நோயாகும்.

உலகளவில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவரை இந்நோய் பாதிப்பதாகக் கணிக்கப்படுகிறது. இக்கணக்கின்படி இது அரிய நோய்களின் வரிசையிலேயே வைக்கப்படுகிறது. எனினும் இரத்த உறவுத் திருமணங்கள் வழக்கிலுள்ள சமூகங்களில் அது அவ்வளவு அரிதானதன்று. தென்னிந்தியாவில் நடத்தப்பட்ட ஆய்வுகள் அங்கு இந்நோயின் பரம்பல் உலகச் சராசரியிலும் பல மடங்கு உயர்வானது எனக் காட்டியுள்ளன. மாமன் மகளையும் மாமி மகனையும் மணமுடிப்பது தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்பதால், இந்நாட்டின் தமிழ் பேசும் மக்கள் இந்நோயைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருப்பது அவசியமாகின்றது.

நோயின் பெயரே சற்றுப் பிழையானது. 1851ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை உருவாக்கிய பின்னரே வைத்தியர்களால் உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரிற் காண முடிந்தது. அதன் பின்னர் அதே தசாப்தத்தில் ஒல்லாந்து நாட்டுக் கண் வைத்தியரான டொண்டர்ஸ், விழித்திரையில் கரிய நிறமித் துகள்கள் படிந்திருப்பதைக் கண்டு, அதனை ஓர் அழற்சியெனக் கருதி இப்பெயரை இட்டார். உண்மையில் இது அழற்சியால் தோன்றும் நோயன்று, கலங்களின் சிதைவு. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இரு வகைப்படும். கோல்கள் எனப்படுபவை சுமார் 12 கோடி. கூம்புகள் சுமார் 60 இலட்சம். மங்கலான ஒளியில் பார்ப்பதும், பக்கவாட்டில் நிகழ்வனவற்றை உணர்வதும் கோல்களின் பணி. வாசிப்பு, முகங்களை அடையாளம் காணல், நிறங்களைப் பிரித்தறிதல் முதலியன விழித்திரையின் நடுப்பகுதியில் செறிந்துள்ள கூம்புகளின் பணி. இந்நோயில் முதலில் அழிவன கோல்களே. அதனாலேயே முதலில் இரவுப் பார்வையும், அடுத்துப் பக்கப் பார்வையும் கெடுகின்றன. கூம்புகளில் பிறப்பிலேயே குறையெதுவும் இல்லாத நோயாளர்களிலும், அயலிலுள்ள கோல்கள் அழிந்த பின்னர் அவையும் காலப்போக்கில் நலிந்துவிடுகின்றன. இதன் காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது.

பகலில் இவ்வாறான நோயாளி சாதாரணமாகப் பத்திரிகை வாசிப்பார். கண்பரிசோதனைப் பலகையின் கடைசி வரி எழுத்துகளையும் சரியாகச் சொல்லிவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ‘கண் நன்றாக இருக்கிறது’ என்று கூறி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவரே சன நெரிசலில் பிறரில் மோதுவார். வாசற்படியில் தடுக்கி விழுவார். நீட்டப்பட்ட கையைக் காணாமல் நிற்பார். மின்சாரம் தடைப்பட்டால் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். பாடசாலையில் இப்பிள்ளைகள் கவனமில்லாதவர்கள் என்றும், விளையாட்டில் பந்தைப் பிடிக்கத் தெரியாதவர்கள் என்றும் ஏச்சு வாங்குகின்றனர். வளர்ந்தவர்களோ இரவில் மோட்டார் சைக்கிள் செலுத்துவதைத் தாமாகவே தவிர்த்துக்கொண்டு, காரணத்தை எவரிடமும் கூறுவதில்லை. சிலருக்குக் கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோன்ற ஒளிப்பொறிகள் தோன்றுவதும் உண்டு. பார்வைப் புலம் படிப்படியாகச் சுருங்கி, ஒரு குழாயினூடாகப் பார்ப்பதுபோன்ற நிலை ஏற்படும்போதுதான் பெரும்பாலானோர் விழித்திரை நிபுணரை நாடுகின்றனர். அவ்வேளையில் விழித்திரையின் பெரும்பகுதி இழக்கப்பட்டிருக்கும்.

நோயைக் கண்டறிதல்

கண்ணின் பாவையை விரிக்கும் துளிமருந்து இட்டு விழித்திரையைப் பார்ப்பதே முதற்படி. எலும்புத் துணுக்குகளின் வடிவில் கரிய நிறமி சிதறிக் கிடப்பதும், இரத்தக் குழாய்கள் நூலாக மெலிந்திருப்பதும், பார்வை நரம்பின் முனை மெழுகுபோல் வெளிறியிருப்பதும் இந்நோயின் மூன்று முதன்மை அடையாளங்களாகும். ஆனால் ஆரம்ப நிலையில், குறிப்பாகச் சிறுவர்களில், இந்நிறமி காணப்படாமலும் இருக்கலாம். ஆகவே ‘உள்ளே பார்த்தோம், ஒன்றுமில்லை’ என்ற சொல்லுடன் விடயத்தை முடித்துக்கொள்ளலாகாது. மாலைக்கண் பற்றிய முறைப்பாடு தொடருமானால் மேலும் பரிசோதனைகள் வேண்டப்படும்.

அவற்றுள் முக்கியமானது விழித்திரை மின்பதிவு. இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்வது போன்று, ஒளிக்கீற்றுக்கு விழித்திரை காட்டும் மின் மறுமொழியை இக்கருவி பதிவு செய்கிறது. நோயாளியை இருட்டில் இருத்தி, பின் மங்கலான ஒளியைக் காட்டும்போது கோல்கள் செயற்படுகின்றனவா என்பது தெரியவரும். கண்ணுக்குள் நிறமி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இப்பதிவு தாழ்ந்துவிடுவதால், ஐயத்துக்குரிய பிள்ளையில் நோயை உறுதிசெய்ய இது பெரிதும் உதவுகிறது. பார்வைப் புலத்தை அளவிடும் பரிசோதனை எவ்வளவு பரப்பு எஞ்சியுள்ளது என்பதைக் காட்டும். மையத்திலிருந்து 10 பாகைக்கு மேற்படாத புலமே எஞ்சியிருக்கும் ஒருவரை, அவர் நேரெதிரே உள்ள எழுத்தைத் தெளிவாக வாசித்தாலும்கூட, பார்வையற்றவராகவே உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு கருதிவந்துள்ளது. ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் ‘ஓசிரி’ வருடல், நடுப்பகுதியில் எஞ்சியுள்ள கூம்புகளின் நிலையையும், அங்கு நீர் தேங்கி வீக்கம் ஏற்பட்டுள்ளதா என்பதையும் காட்டுகிறது. இந்த வீக்கம் சிகிச்சைக்கு உட்படக்கூடியது என்பதால் இவ்வருடலை ஒருமுறையுடன் நிறுத்திவிடாது இடையிடையே செய்துகொள்ள வேண்டும்.

இதனைப் போலத் தோற்றமளிக்கும் வேறு நோய்களைப் பிரித்தறிவதிலேயே வைத்தியரின் திறமை வெளிப்படுகின்றது. விற்றமின் ஏ குறைபாட்டில் கண்ணின் வெண்பகுதி வரண்டு, நுரைபோன்ற வெண்புள்ளிகள் தோன்றும். விற்றமினைக் கொடுத்ததும் நாட்களிலோ வாரங்களிலோ இரவுப் பார்வை மீளும். சிபிலிஸ் எனும் மேகநோயும் விழித்திரையில் இதே தோற்றத்தை ஏற்படுத்தலாம். அதற்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து உண்டு. மூட்டுவாதத்துக்கும் லூப்பஸ் நோய்க்கும் நீண்டகாலம் வழங்கப்படும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரையும் சிலரில் விழித்திரையைச் சிதைக்கிறது. ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் பழைய காயத்தையோ தொற்றையோ தேட வேண்டும். பரம்பரை நோய் பொதுவாக இரு கண்களையும் சமமாகவே தாக்கும்.

நோய் கண்ணோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கு கூறவேண்டும். பிறவியிலேயே செவிப்புலன் குன்றிய பிள்ளைக்குப் பின்னர் இரவுப் பார்வையும் குறையுமாயின் அது அஷர் நோய்த்தொகுதியாக இருக்கலாம். செவிப்புலனற்ற ஒருவர் சைகை மொழியைக் கண்ணாலேயே காண்கிறார். அக்கண்ணும் சுருங்கத் தொடங்கினால் அவருக்கு ஏற்படும் இழப்பு இரு மடங்கல்ல, அதனிலும் பெரியது. எனவே செவிப்புலனற்ற பிள்ளைகள் அனைவருக்கும் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படுதல் நன்று. கைகால்களில் மேலதிக விரலுடன் பிறந்து, உடற்பருமனும் கற்றலில் பின்னடைவும் கொண்ட பிள்ளையில் இந்நோய் காணப்பட்டால் அது பார்டெற் - பீடில் நோய்த்தொகுதியாகலாம். சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். மிக அரிதான ரெஃப்சம் நோயில் மண உணர்வு இழக்கப்பட்டு, கைகால்கள் சோர்ந்து, தோல் செதிலாகும். உடலில் பைத்தனிக் அமிலம் சேர்வதே இதன் காரணம் என்பதால், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிக் கொழுப்பு, பாற்பொருட்கள், சில மீன்கள் ஆகியவற்றைக் குறைக்கும் உணவுக் கட்டுப்பாட்டினால் நோயின் வேகத்தைத் தணிக்கலாம். இந்நோய்க் குடும்பத்தில் உணவினால் உண்மையாகவே பயன் கிடைக்கும் ஒரு சில வகைகளில் இது ஒன்று. அரிதென்று கருதி இதனைத் தேடாமல் விடுவது நோயாளிக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

பரம்பரையலகும் குடும்பமும்

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ட்ரைஜா குழுவினர், ஒளியை உணரும் ரொடொப்சின் எனும் புரதத்தின் பரம்பரையலகில் ஏற்படும் மாற்றமொன்று இந்நோய்க்குக் காரணமாவதை முதன்முதலாக நிறுவினர். அதன் பின்னர் இவ்வாறான 80க்கும் மேற்பட்ட பரம்பரையலகுகள் இனங்காணப்பட்டுள்ளன. ஆகவே இது ஒரே நோயன்று. ஒரே முகங்கொண்ட பல நோய்களின் கூட்டம் என்பதே பொருத்தம். ஒரு குடும்பத்தில் 20 வயதிலேயே பார்வை மங்குவதும், மற்றொரு குடும்பத்தில் 60 வயதிலும் பத்திரிகை வாசிப்பதும் இதனாலேயாகும்.

பரம்பரை வழிகள் மூன்று. ஆட்சியுள்ள வகையில் பெற்றோரில் ஒருவர் நோயாளியாக இருப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. எக்ஸ் நிறமூர்த்தத்துடன் இணைந்த வகையில் தாய் காவியாக இருக்க, ஆண் பிள்ளைகளில் இரண்டில் ஒருவர் பாதிக்கப்படலாம். பின்னிடைவான வகையில் தாயும் தந்தையும் முழுச் சுகதேகிகள். ஆனால் இருவரும் பழுதடைந்த அதே பரம்பரையலகின் ஒரு பிரதியைக் காவுவதால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளை நோயாளியாவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கு நமது மக்களிடையே நிலவும் ஒரு தவறான விளக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். ‘நான்கில் ஒன்று’ என்றால் மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவர் என்பது பொருளன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது.

உடன்பிறந்தோரின் பிள்ளைகள் தமக்கிடையே சராசரியாக எட்டில் ஒரு பங்கு பரம்பரையலகுகளைப் பொதுவில் கொண்டிருப்பர். ஆகவே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது இருபுறமும் வந்து ஒரு பிள்ளையில் சந்திக்கும் வாய்ப்பு அவர்களது திருமணத்தில் கூடுகிறது. தமிழ்நாட்டில் சில சமூகங்களில் நடைபெறும் தாய்மாமன் - மருமகள் திருமணத்தில் இப்பங்கு நான்கில் ஒன்றாகும். இத்திருமணத்தை இஸ்லாம் தடுத்துள்ளது, இலங்கைத் தமிழரிடையேயும் அது வழக்கமில்லை. எனினும் மச்சான் - மச்சாள் திருமணம் செய்துகொள்ளும் எல்லோருக்கும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் எனக் கருதுவது அறியாமை. பெரும்பாலான தம்பதியருக்குச் சுகமான பிள்ளைகளே பிறக்கின்றனர். ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே ஒருவருக்கு இந்நோய் உண்டெனில், அக்குடும்பத்துக்குள்ளேயே மீண்டும் சம்பந்தம் செய்வதற்கு முன்னர் வைத்திய ஆலோசனை பெறுவது மிக அவசியம்.

நடைமுறையிலோ இதற்கு நேர்மாறாகவே காரியங்கள் நடைபெறுகின்றன. பெண்ணுக்கு மாலையில் கண் தெரியாது என்பது வெளியே தெரிந்தால் வரன் அமையாது என அஞ்சி நோய் மறைக்கப்படுகிறது. தங்கையின் திருமணத்துக்குத் தடையாகும் எனத் தமையனின் நோயும் மறைக்கப்படுகிறது. வெளியார் எவரும் கேள்வி கேட்காதிருக்கும் பொருட்டு உறவுக்குள்ளேயே திருமணம் முடிக்கப்படுகிறது. மறைப்பதற்கென்று செய்யப்படும் இந்த ஏற்பாடே நோய் அடுத்த தலைமுறையில் வெளிப்படுவதற்கு வழிசமைக்கின்றது. பிள்ளைக்குப் பார்வை குன்றியதும் பழி தாயின் மீது சுமத்தப்படுவதும் வழமை. பின்னிடைவான வகையில் தந்தையும் சரிபாதிப் பங்காளர் என்பதை வைத்தியர்கள் இரு தரப்புக் குடும்பத்தாரையும் இருத்தி விளக்கிக் கூறுவார்களாயின் பல வீடுகளில் கண்ணீர் குறையும்.

சிகிச்சை: இருப்பதும் இல்லாததும்

இழந்த பார்வையை மீட்டுத்தரும் மருந்து இந்நோயாளரில் மிகப் பெரும்பாலானோருக்கு இன்றுவரை இல்லை. இதனை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே முறை. ஆனால் ‘ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குப் போங்கள்’ என்பதும் உண்மையன்று.

இந்நோயாளருக்கு இளவயதிலேயே வில்லையின் பின்புறத்தில் கண்புரை தோன்றுகிறது. குறுகிய புலத்தின் நடுவில் இருக்கும் சிறிதளவு பார்வையையும் அப்புரை மறைத்துவிடும். நடுப்பகுதிக் கூம்புகள் உயிருடன் இருக்குமாயின் சத்திரசிகிச்சையினால் குறிப்பிடத்தக்க பயன் கிட்டும். நோயின் முன்னேற்றமே என எண்ணிப் பல ஆண்டுகளாகப் புரையுடன் வாழ்ந்தோர் உளர். அவ்வாறே விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கும் நீரை அசெற்றசோலமைட் மாத்திரையாலும் டோர்சோலமைட் துளிமருந்தாலும் பலரில் குறைக்க முடிகிறது. இவையிரண்டும் புதுமையான சிகிச்சைகளல்ல. ஆனால் ஒருவர் தொடர்ந்து வாசிப்பதா இல்லையா என்பதை இவை தீர்மானிக்கக்கூடும். ஆண்டுதோறும் கண் சிகிச்சை நிலையத்துக்குச் செல்வதன் பயன் இதிலேயே அடங்கியுள்ளது.

விற்றமின் ஏ பற்றிய கதை சற்றுச் சிக்கலானது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பேர்சன் தலைமையில் 601 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, நாளொன்றுக்கு 15,000 அலகு விற்றமின் ஏ நோயின் வேகத்தைச் சற்றுக் குறைப்பதாகவும், விற்றமின் ஈ அதனைக் கூட்டக்கூடும் எனவும் தெரிவித்தது. அதன்பின் உலகெங்கும் பலர் இவ்விற்றமினை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டனர். ஆனால் நோயாளரின் பரம்பரையலகு விபரங்களையும் சேர்த்து 2023இல் வெளியான மறு ஆய்வு அவ்வாறான பயனெதனையும் காணவில்லை. உயர் அளவு விற்றமின் ஏ ஈரலைப் பாதிக்கலாம். கருவிலுள்ள சிசுவுக்கு ஊனத்தை ஏற்படுத்தலாம். எனவே கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணியுள்ளோரும் தாமாக இதனை வாங்கி உட்கொள்வது ஆபத்தானது.

உண்மையான திருப்பம் 2017 டிசம்பரில் நிகழ்ந்தது. ஆர்பிஈ65 எனும் பரம்பரையலகின் இரு பிரதிகளும் பழுதடைந்தோருக்கு, தீங்கற்ற வைரசு ஒன்றின் மூலம் சரியான பிரதியை விழித்திரையின் அடியில் செலுத்தும் ‘லக்ஸ்டேர்ணா’ சிகிச்சைக்கு அமெரிக்கா அங்கீகாரம் வழங்கியது. பிறவிக் குருடான நாய்களில் இம்முறை வெற்றியளித்தமை 2001இலேயே வெளியிடப்பட்டிருந்தது. பென்சில்வேனியாவின் ஜீன் பெனெற், அல்பேர்ட் மகுவயர் ஆகியோர் இதில் முன்னணியில் நின்றவர்கள். சிகிச்சை பெற்ற சிறுவர்கள் மங்கலான ஒளியில் தடைகளைத் தாண்டி நடக்கத் தொடங்கினர். ஆனால் இரு கண்களுக்குமான விலை 8 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலர் என அறிவிக்கப்பட்டது! மேலும் இது ஒரேயொரு பரம்பரையலகுக்குரியது. கலங்கள் உயிருடன் எஞ்சியிருப்போருக்கே பயன்படுவது. விலை எட்டாததாயினும் தமது நோய்க்குக் காரணமான பரம்பரையலகு எதுவென்று நோயாளர் அறிந்து வைத்திருப்பது வீணாகாது. புதிய சிகிச்சை ஆய்வுகளில் சேர்க்கப்படுவதற்கு அதுவே நுழைவுச்சீட்டு.

கலங்கள் முற்றாக அழிந்தோருக்காகவும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2021இல் பாரிஸ் நகரில் 58 வயது நோயாளி ஒருவரின் விழித்திரையில் எஞ்சியிருந்த நரம்புக் கலங்களுக்குப் பாசியினத்திலிருந்து பெறப்பட்ட ஒளியுணர் புரதத்தின் பரம்பரையலகு செலுத்தப்பட்டமை பற்றிய அறிக்கை வெளியானது. சிறப்புக் கண்ணாடி அணிந்து மேசை மீதிருந்த பொருட்களை அவரால் கண்டு தொட முடிந்தது. மறுபுறத்தில், 2013இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட ‘ஆர்கஸ் 2’ எனும் செயற்கை விழித்திரையின் கதை எச்சரிக்கையாக அமைகிறது. 60 மின்வாய்களைக் கொண்ட அக்கருவி 350க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்ட பின்னர், 2019இல் அந்நிறுவனம் அதன் தயாரிப்பைக் கைவிட்டது. கருவி பழுதானபோது திருத்துவாரின்றிச் சிலர் மீண்டும் இருளில் விடப்பட்டனர்.

நம்பிக்கை வணிகமாவது இதனிலும் கொடியது. 1990களில் கியூபாவின் ஹவானாவில் சத்திரசிகிச்சை, ஓசோன் வாயு, மின்தூண்டல் ஆகியவற்றால் இந்நோய் தடுக்கப்படுவதாகக் கூறப்பட்டு, பல நாட்டவர் பெரும் செலவில் அங்கு சென்றனர். சென்று திரும்பியோரைப் பரிசோதித்த அமெரிக்க வைத்தியர்கள் பயனெதுவும் இல்லை என 1996இல் அறிவித்தனர். இன்று அதே இடத்தை ‘ஸ்டெம் செல்’ எனும் மூலக்கல ஊசிகள் பிடித்துள்ளன. புளோரிடாவில் வேறொரு விழித்திரை நோய்க்காகத் தமது கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்ட இவ்வூசியை ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் இருந்த பார்வையையும் இழந்தமை 2017இல் வைத்திய சஞ்சிகையில் பதிவாகியுள்ளது. காணியை ஈடுவைத்து இவ்வூசிகளைத் தேடி வெளிநாடு செல்ல எண்ணுவோர் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: முறையான ஆய்வில் பங்குகொள்ளும் நோயாளியிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் அறவிடப்படுவது வழமையா?

இலங்கையர் அடிக்கடி கேட்கும் வினா மற்றொன்றுண்டு. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் பல நாடுகளுக்குக் கண்களை வழங்கும் தேசமல்லவா இது. இந்நோயாளருக்குக் கண் மாற்றிவைக்க முடியாதா என்பதே அது. தானமாகப் பெறப்படும் கண்ணில் மாற்றிப் பொருத்தப்படுவது முன்புறத்திலுள்ள விழிவெண்படலம் மாத்திரமே. விழித்திரை மூளையின் நீட்சி. அதன் நரம்பிழைகளை மூளையுடன் மீள இணைக்கும் வழி இன்னும் அறியப்படவில்லை. 2023இல் நியூயோர்க்கில் முழுக் கண்ணும் மாற்றப்பட்டபோதிலும் அக்கண்ணுக்குப் பார்வை கிட்டவில்லை.

எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தக் கற்பதும் சிகிச்சையே. வெள்ளைப் பிரம்பை முற்றாகக் குருடான பின்னரே தொடவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. குழாய்ப் பார்வையுள்ளவர் அதனை இரவில் மட்டும் பயன்படுத்தினாலும் விபத்துகள் தவிர்க்கப்படும். எதிரே வருபவரும் காரணத்தை உணர்ந்துகொள்வார். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று சாதாரணக் கையடக்கத் தொலைபேசியிலேயே தமிழில் பேசுகின்றன. பார்வை நன்றாக உள்ளபோதே அவற்றைப் பழகியவர் தொழிலை இழப்பதில்லை. இரவில் வாகனம் செலுத்துவதை விட்டுவிட வேண்டும். பக்கப் பார்வை குன்றியோர் பகலிலும் அவ்வாறே. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணமாகக் காட்டித் தொழில் வழங்கலிலோ கல்வி அனுமதியிலோ பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கிறது. அச்சட்டத்தை நோயாளரின் குடும்பத்தாரும் அவர்களைப் பணிக்கமர்த்துவோரும் வாசித்திருப்பது நல்லது.

குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதிசெய்யப்பட்டால் அவரது உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும், முறைப்பாடு எதுவும் இல்லாவிடினும், ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வரும்போது வயது முதிர்ந்த உறவினர் ஒருவரையும் அழைத்து வருவது வைத்தியருக்கு உதவும். யார் யாரை மணந்தார், எந்தப் பெரியப்பாவுக்கு இரவில் கண் தெரியாது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்களே.